மரம் எழுதிய மழைக்கணக்கு

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் பெருவழியில் திண்டிவனத்தைக் கடந்து விழுப்புரம் நோக்கிச் செல்வோர் கூட்டேரிப்பட்டுச் சந்திப்பை நன்கு அறிவர். அவ்விடத்தில் பெருவழியை விட்டுக் கிழக்கே திரும்பி, மயிலம் குன்றைக் கடந்து மேலும் சென்றால், சங்கராபரணி ஆற்றை ஒட்டித் திருவக்கரை என்னும் சிற்றூர் வரும். சோழர் காலக் கோயிலால் பெயர்பெற்ற இவ்வூர்க்கு வேறொரு பெருமையும் உண்டு. அதுவே ஊருக்கு வெளியே செம்மண் மேட்டில் கிடக்கும் கல்மரங்கள். பார்வைக்கு அவை மரங்களே. பட்டை உரிந்த அடிமரத்தின் நரம்போட்டமும் கணுக்களும் கண்ணுக்குப் புலப்படும். தொட்டுப் பார்த்தால் கல். தட்டிப் பார்த்தாலும் கல்லின் ஒலியே எழும்.

ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த மரங்கள் இவை என்பது நிலவியலார் கூற்று. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையினர் 247 ஏக்கர்ப் பரப்பில் இதனைத் தேசியக் கல்மரப் பூங்காவாகப் பேணி வருகின்றனர். 3 மீட்டர் முதல் 15 மீட்டர் வரை நீளமுள்ள கல்மரங்கள் 200 அளவில் இங்கே உள்ளன. வேரோ கிளையோ இலையோ எதனிடத்தும் இல்லை. எங்கோ வளர்ந்த மரங்களைப் பெருவெள்ளம் பெயர்த்து உருட்டி வந்து மணலில் புதைத்தது என்றும், மணலூடே ஊறிய நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளுள் புகுந்து படிந்தது என்றும் அறிஞர் விளக்குவர். பிரெஞ்சு இயற்கையியலாளர் சோனெரா 1781-இல் இவற்றைக் குறித்துச் சென்றார்.

இம்மரங்களைப் பற்றி எழுதத் தொடங்கியபோது நம் உள்ளத்தில் எழுந்த வினா ஒன்று உண்டு. மரத்தின் வளையங்களை எண்ணிப் பண்டை மழையை அறியலாம் என்கின்றனரே, இக்கல்மரங்களின் வளையங்களை எண்ணி நம் பகுதியின் பழைய மழைக்கணக்கை அறிய இயலுமா? இயலாது என்பதே விடை. ஏன் இயலாது என்று ஆராயப் புகுந்தால், எது இயலும் என்பதும் விளங்கும். அவ்விளக்கமே இக்கட்டுரை.

காழும் வளையமும்

தொல்காப்பிய மரபியல் தாவரங்களைப் பகுத்த முறை தமிழ் பயில்வோர் அறிந்ததே. உள்ளே வைரம் பாய்ந்தவை அகக்காழ் உடையவை. அவை மரம் எனப்படும். வெளியே வைரம் உடையவை புறக்காழ் உடையவை. அவை புல் எனப்படும். இப்பகுப்பின்படி பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லினத்தைச் சார்ந்தன. 'வானளாவிய பனையைப் புல் என்பதா' என்று வகுப்பில் மாணவர் நகைப்பதுண்டு. ஆயினும் இன்றைய தாவரவியலும் ஏறத்தாழ அதனையே கூறுகிறது. பனையும் தென்னையும் ஒருவித்திலைத் தாவரங்கள். ஆண்டுதோறும் தண்டைச் சுற்றிப் புதுக் கட்டையைப் படியவைக்கும் கேம்பியம் என்னும் வளர்திசு அவற்றிடம் இல்லை. எனவே அவற்றிற்கு வளையமும் இல்லை. திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களில் வரப்புதோறும் நிற்கும் பனை நூறாண்டு மழையையும் வறட்சியையும் கண்டிருக்கும். கண்டதைத் தன் உடலில் எழுதி வைக்கவில்லை.

அகக்காழ் உடைய மரத்தில் நிகழ்வது வேறு. பட்டைக்கும் கட்டைக்கும் இடையில் மெல்லிய படலமாக இருக்கும் கேம்பியம், வளர்பருவம் தொடங்கியதும் உட்புறமாகப் புதிய நுண்ணறைகளை ஈனுகிறது. நீர் மிகுதியாகக் கிடைக்கும் தொடக்கத்தில் அவ்வறைகள் அகன்றும் சுவர் மெலிந்தும் அமையும். இது முன்பருவக் கட்டை, நிறம் வெளிறியிருக்கும். ஈரம் குறையக் குறைய அறைகள் குறுகிச் சுவர் தடிக்கும். இது பின்பருவக் கட்டை, நிறம் அடர்ந்திருக்கும். பின்னர் மரம் உறங்கும். அடுத்த பருவத்தில் அடர்ந்த கட்டையை ஒட்டி மீண்டும் வெளிறிய கட்டை தொடங்குமிடத்தில் ஒரு கோடு தெளிவாக விழுகிறது. இரு கோடுகளுக்கு இடைப்பட்டது ஓர் ஆண்டு வளையம். நல்ல மழை பெய்த ஆண்டில் வளையம் அகலும். மழை பொய்த்த ஆண்டில் நூலிழைபோல் ஒடுங்கும்.

இவ்வளவும் குளிர்நாட்டு மரங்களுக்கு எளிதில் பொருந்தும். அங்கே பனிக்காலம் வந்து மரத்தைக் கட்டாயமாக உறங்க வைக்கிறது. வெப்பமண்டலத்தில் அத்தகைய பனிக்காலம் இல்லை. ஆண்டு முழுதும் மழைபெறும் காடுகளில் கேம்பியம் ஓயாது உழைப்பதால் கோடே விழாத மரங்கள் பல. வெப்பமண்டல மரங்களில் ஆண்டு வளையமே இல்லை என்று அறிஞர் பலர் நெடுங்காலம் எண்ணியிருந்ததற்குக் காரணமும் இதுவே. அவ்வெண்ணம் முழுவதும் சரியன்று எனக் காட்டியவர்களுள் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த கே.ஏ. சௌத்ரி குறிப்பிடத்தக்கவர். இந்திய மரங்களில் வளர்ச்சி வளையங்கள் தோன்றும் முறையை அவர் 1930களின் இறுதியில் ஆராய்ந்து வெளியிட்டார். நீண்ட வறண்ட பருவம் நிலவும் இடங்களில் வறட்சியே பனிக்காலத்தின் வேலையைச் செய்கிறது. இலையுதிர்த்து உறங்கும் தேக்கு அதற்கு நல்ல சான்று. அதன் கட்டையில் பருவத் தொடக்கத்தில் பெருந்துளைகள் வரிசையாக அமைந்து வளையத்தின் எல்லையைக் காட்டும். தேக்குப் பலகையின் குறுக்குவெட்டை இழைத்துப் பார்க்கும் தச்சர் எவரும் இதனைக் காட்டுவர்.

எண்ணுதல் மட்டும் போதாது

வளையங்களை எண்ணினால் மரத்தின் வயது தெரியும் என்பது பள்ளிச் சிறாரும் அறிந்த செய்தி. மழைக்கணக்கு எழுத அது போதாது. கடும் வறட்சியில் மரத்தின் ஒருபக்கம் வளையமே தோன்றாது போவதுண்டு. இடையில் மழை நின்று மீண்டும் பெய்தால் ஓராண்டிலேயே இரு கோடுகள் விழுவதுமுண்டு. இத்தகைய பொய்வளையம் ஒன்றை உண்மையென எண்ணிவிட்டால், அதற்கு முற்பட்ட ஆண்டுகள் அனைத்தும் ஓராண்டு பிசகிவிடும். வணிகர் பேரேட்டில் ஒருநாள் வரவு இருமுறை பதிந்தால் பின்வரும் இருப்பெல்லாம் பிழைபடுவது போன்றதே இது.

இப்பிழையைக் களைய வழிகண்டவர் ஒரு வானியலாளர். அமெரிக்காவின் அரிசோனாவில் ஞாயிற்றின் கரும்புள்ளிகளுக்கும் மழைக்கும் தொடர்புண்டா என ஆராய விரும்பிய ஏ.இ. டக்ளஸ், 1904 முதல் பைன் மரங்களின் வளையங்களை நோக்கத் தொடங்கினார். ஒரு வட்டாரத்தில் வளரும் மரங்கள் அனைத்தும் ஒரே மழையை உண்பதால், அகன்ற வளையமும் ஒடுங்கிய வளையமும் எல்லா மரங்களிலும் ஒரே வரிசையில் அமைவதை அவர் கண்டார். ஒரு மரத்தில் காணாமற்போன வளையத்தை மற்றொரு மரம் காட்டிக்கொடுக்கும். ஒரு மரத்தின் பொய்வளையத்தை ஏனைய மரங்கள் மறுத்துரைக்கும். இவ்வாறு ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஒவ்வொரு வளையத்திற்கும் உரிய ஆண்டை உறுதி செய்வதே இக்கலையின் உயிர்நாடி. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடர்களை ஒப்புநோக்கி ஒருவர் விட்டதை மற்றவர் கூற்றால் அறியும் முறை நம்மவர்க்குப் புதிதன்று. சான்றுகளை ஒன்றோடொன்று உரசிப் பார்க்கும் மனப்பாங்கு இரண்டிற்கும் பொது.

டக்ளஸ் உயிருள்ள மரங்களோடு நிற்கவில்லை. பழங்குடி மக்களின் இடிந்த வீடுகளில் கிடந்த உத்தரங்களையும் ஆராய்ந்தார். அவ்வுத்தரங்களின் வளையத் தொடர் ஒருபுறமும் உயிர்மரங்களின் தொடர் மறுபுறமும் நிற்க, இடையில் இணைப்பின்றி நெடுங்காலம் இடர்ப்பட்டார். 1929-இல் கிடைத்த கருகிய உத்தரத் துண்டு ஒன்று இரண்டையும் இணைத்தது. அதன்பின் ஆண்டு அறியப்படாதிருந்த வீடுகள் பலவற்றிற்கு ஆண்டு கிடைத்தது.

திருவக்கரைக் கல்மரங்கள் ஏன் உதவா என்பது இப்போது விளங்கும். அவற்றில் வளையம் காணப்படினும் அத்தொடரைக் கொண்டுவந்து இணைக்க மறுமுனை இல்லை. இடையில் கிடக்கும் இடைவெளி 2 கோடி ஆண்டு. அக்காலத்தில் எத்தகைய மரங்கள் வாழ்ந்தன என்று மட்டும் அவை கூறும். அதுவும் சிறு செய்தியன்று. பீர்பால் சாஹ்னி 1931-இல் இந்தியத் தொல்மரங்களைப் பற்றி வெளியிட்ட ஆராய்ச்சியில், இங்குள்ள ஊசியிலை மர இனம் ஒன்றும் இடம்பெற்றது. மெசெம்பிரியாக்சிலான் என்பது அதன் பெயர். இன்றைய போடோகார்ப்பு மரங்களின் கட்டையை ஒத்தது. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே ஊசியிலை இனமும் அக்குடும்பத்தைச் சார்ந்ததே. நாகியா எனப்படும் அம்மரம் மேற்குத்தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் அருகி வாழ்கிறது. (ஊசியிலை இனம் என்று கூறினும் அதன் இலை அகன்றது, பெயரை நம்பித் தேடுவோர் ஏமாறுவர்.) பைன் மரம் நம் தீபகற்பத்திற்கு உரியதன்று. கொடைக்கானலில் சுற்றுலாப் பயணிகள் வியக்கும் பைன் காடு வனத்துறையினர் நட்டு வளர்த்தது.

வெப்பமண்டலப் பைன்

ஆயினும் வெப்பமண்டலத்தில் பைன் மரமே இல்லை என்று எண்ணலாகாது. காசி மலைகளின் பெயரைத் தாங்கிய காசிப் பைன் மேகாலயத்திலிருந்து மியன்மர், தாய்லாந்து, வியட்நாம் வரை பரவியுள்ளது. மெர்குசி என்னும் மற்றோர் இனம் சுமத்திராவில் நிலநடுக்கோட்டையே கடந்து தெற்கே வளர்கிறது. பைன் இனத்துள் இயற்கையாக அக்கோட்டைக் கடந்தது அது ஒன்றே.

ஆராய்ச்சியாளர் பைன் மரத்தை விரும்புவதற்குக் காரணம் அதன் கட்டையின் எளிமை. தேக்கு, மா போன்றவற்றின் கட்டையில் துளைகளும் நார்களும் கலந்து கிடக்கும். பைன் கட்டையோ பெரும்பாலும் டிரக்கீடு என்னும் ஒரேவகை அறைகளால் ஆனது. அறை அகன்றதா குறுகியதா என நோக்கினாலே பருவத்தின் போக்குப் புலனாகும். மரத்தை வெட்ட வேண்டியதும் இல்லை. உள்ளீடற்ற திருகுத் துளைக்கருவியை மரத்தினுள் செலுத்தி, எழுதுகோலினும் மெல்லிய கட்டைக் குச்சி ஒன்றை வெளியே எடுப்பர். குறுக்களவு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். உண்டான துளையைப் பைன் தன் பிசினால் தானே மூடிக்கொள்ளும். ஒரு மரத்தில் இரு குச்சிகள் வீதம் இருபதுக்குக் குறையாத மரங்களில் எடுத்து, மணல்தாளால் வழவழப்பாகத் தேய்த்து, உருப்பெருக்கியின் கீழ் ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு கூறு வரை அளப்பர். இளமரத்தில் வளையம் இயல்பாகவே அகன்றும் முதுமரத்தில் ஒடுங்கியும் இருக்குமாதலால், அவ்வயது வேறுபாட்டைக் கணக்கிட்டு நீக்குவர். எஞ்சும் ஏற்ற இறக்கத்தை அருகிலுள்ள மழைமானியின் பதிவோடு ஒப்பிடுவர். பதிவின் ஒரு பாதியைக் கொண்டு தொடர்பைக் கண்டு, மறுபாதியைக் கொண்டு அத்தொடர்பு மெய்தானா எனச் சோதிப்பர். சோதனையில் தேறினால் மட்டுமே மழைமானி இல்லாத நூற்றாண்டுகளுக்கு அக்கணக்கை நீட்டுவர்.

வெப்பமண்டலப் பைனில் இடர் மிகுதி. பொய்வளையம் அடிக்கடி தோன்றும். தாழ்நிலத்துப் பைன்கள் தீயாலும் பிசின் எடுப்போர் வெட்டும் காயத்தாலும் சிதைந்திருக்கும். தாய்லாந்தில் 1990களில் இவ்விரு பைன் இனங்களையும் தேக்கையும் ஆராய்ந்தோர் இவ்விடர்களை எல்லாம் கண்டனர். வளையம் ஆண்டுக்கு ஒன்றுதானா என்ற ஐயத்தைத் தீர்க்க ஒரு வியத்தகு வழியும் உண்டு. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானில் நிகழ்த்திய அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கரியின் அளவு திடீரென உயர்ந்தது. அவ்வுயர்வு உலகின் மரங்கள் அனைத்திலும் பதிந்துள்ளது. 1964 என நாம் எண்ணிய வளையத்தில் அவ்வுயர்வு காணப்படின் எண்ணிக்கை சரி. அழிவுக்காகச் செய்த செயல் இவ்வகையில் அறிவுக்குப் பயன்பட்டமை விந்தையே.

அங்கோரின் வறட்சி

இத்துறையில் நம் மனத்தைப் பெரிதும் கவர்ந்த ஆய்வு வியட்நாமிலிருந்து வந்தது. பிரெண்டன் பக்லி என்பாரும் அவர்தம் குழுவினரும் 2010-இல் வெளியிட்டது. டாலாத் நகரையடுத்த பிடூப் நூய்பா மலைக்காட்டில், சைப்ரஸ் குடும்பத்தைச் சார்ந்த ஃபொக்கியேனியா என்னும் ஊசியிலை மரங்களை அவர்கள் ஆராய்ந்தனர். பைன் காடுகள் சூழ்ந்த மலைநாடு அது. 759 ஆண்டுகளுக்கு மழையின் போக்கு அதனால் வெளிப்பட்டது. 14-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பல்லாண்டு நீடித்த வறட்சிகள் அங்கே நிகழ்ந்தன. அவற்றிடையே பெருமழையும் பெய்தது. அங்கோர் நகரம் வீழ்ச்சியுற்ற காலம் இதுவே. ஏரிகளும் கால்வாய்களும் பின்னிப் பிணைந்த அம்மாநகரம் நீரில்லாமையால் வாடியது. பின் வந்த வெள்ளத்தால் அதன் கால்வாய்கள் சிதைந்தன என்பது ஆய்வாளர் கருத்து. போரும் வணிக மாற்றமும் காரணமல்ல என்று அவர்கள் கூறவில்லை. வறட்சியும் ஒரு காரணம் என்பதற்கு மரத்தின் சாட்சியம் கிடைத்தது என்பதே பொருள். ஏரிப்பாசனத்தை நம்பி வாழும் நம் வட்டாரத்தார் இச்செய்தியைக் கடந்து செல்ல இயலாது.

அதே 2010-இல் எட்வர்டு குக் முதலானோர் ஆசியாவின் 300-க்கும் மேற்பட்ட வளையத் தொடர்களைத் திரட்டி, கி.பி. 1300 முதல் 2005 வரை பருவமழை நாடுகளின் வறட்சி வரைபடத் தொகுப்பை வெளியிட்டனர். அதில் எடுத்துக்காட்டப்பட்ட நான்கு பெருவறட்சிகளுள் ஒன்று 1876 முதல் 1878 வரை நிகழ்ந்தது. நம் முன்னோர் அதனை அறிவர். அதுவே தாது வருடப் பஞ்சம்.

தாது வருடமும் நைல் நதியும்

1876-இல் மழை பொய்த்தது. சென்னை மாகாணம் பட்டினியில் வீழ்ந்தது. இந்தியாவில் 50 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி 1877-78-இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. நம் மரக்காணம் கடற்கரை வரை நீளும் பக்கிங்காம் கால்வாயின் ஓர் உறுப்பு அது. உடல்நலிந்த மாந்தர் கூலிக்காக வெட்டிய வாய்க்கால் இன்றும் நம் கண்முன் கிடக்கிறது.

அதே 1877-இல் எகிப்தில் நைல் வெள்ளம் மிகத் தாழ்ந்தது. பசிபிக் பெருங்கடலின் நீர் வழக்கத்திற்கு மாறாக வெப்பமுறும் எல் நினோ என்னும் நிகழ்ச்சியே இரண்டிற்கும் பின்னணி என்று இன்று அறிகிறோம். நைல் தாழ்ந்தமை நமக்கு எவ்வாறு தெரியும்? மனிதர் அளந்து எழுதி வைத்தமையால் தெரியும். கெய்ரோவின் ரவ்ளா தீவில் அப்பாசியக் கலீஃபா முத்தவக்கில் காலத்தில், 861-இல், நீரளவைத் தூண் ஒன்று நிறுவப்பட்டது. மிக்யாஸ் என்பது அதன் பெயர். கல்தூணில் முழக்கணக்கு பொறிக்கப்பட்டுள்ளது. நீர் பதினாறு முழத்தை எட்டினால் விளைச்சல் உண்டு, வரியும் உண்டு. எட்டாவிடில் பஞ்சத்திற்கு ஆயத்தம். ஹிஜ்ரி முதல் நூற்றாண்டு தொட்டு நைலின் அளவுகள் ஏடுகளில் தொடர்ந்து பதிவாயின. உலகில் இத்துணை நெடிய நீர்ப்பதிவு மிக அரிது. அந்நாட்டில்தான், மன்னன் கண்ட கனவுக்கு யூசுப் நபி (அலை) அவர்கள் விளக்கம் தந்து, ஏழாண்டு வளத்தில் விளைந்ததைக் கதிரோடு சேமித்து ஏழாண்டு வறட்சியைக் கடக்க வழி கூறியதாகத் திருமறை மொழிகிறது. வளமும் வறட்சியும் தொடராக வரும் என்பதும், முன்னதில் பின்னதை எண்ண வேண்டும் என்பதும் நம் சமுதாயம் ஓதிவரும் செய்தி.

நம் நாட்டில் மிக்யாஸ் போன்ற நெடும்பதிவு இல்லை. சென்னை வானாய்வுக் கூடம் 1792-இல் அமைந்தது. அங்கே மழையளவு 1813 முதல் கிடைக்கிறது. அதற்கு முற்பட்ட காலத்திற்குக் கல்வெட்டும் செவிவழிச் செய்தியும் அன்றி வேறு துணையில்லை. மரத்தை நாடுவது அதனாலேயே.

கேரளத் தேக்கு நமக்குச் சொல்லாதது

புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தைச் சார்ந்த போர்கோன்கர் முதலியோர் கேரளத்தின் மூன்று இடங்களில் தேக்கின் வளையங்களை ஆராய்ந்து, 1481 முதல் 2003 வரை 523 ஆண்டுத் தொடரை 2010-இல் வெளியிட்டனர். தென்னிந்தியாவைப் பொறுத்தவரை இஃது ஓர் அரிய சாதனை. இந்தியப் பருவமழை குன்றிய ஆண்டுகளில், சிறப்பாக எல் நினோ ஆண்டுகளில், வளையம் ஒடுங்குவது அதில் தெளிவாயிற்று. தேக்கை இவ்வாறு பயன்கொள்வது முற்றிலும் புதிதன்று. சாவகத் தேக்கில் 1514 முதல் 1929 வரையிலான தொடரை பெர்லாகே 1931-இலேயே வெளியிட்டிருந்தார்.

ஆனால் கேரளத் தேக்கு உண்டது தென்மேற்குப் பருவமழை. கூட்டேரிப்பட்டு வட்டாரத்தில் தென்மேற்குப் பருவத்திலும் கணிசமாக மழையுண்டு எனினும், ஏரியை நிரப்பிச் சம்பாவை விளைவிப்பது ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழை. இரண்டும் ஒன்றாகப் பெய்வதும் இல்லை, ஒன்றாகப் பொய்ப்பதும் இல்லை. எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்கு மழை குன்றி வடகிழக்கு மழை மிகுவது பலகாலும் காணப்படுவது. ஆகவே கேரளத் தேக்கின் கணக்கை எடுத்து நம் ஊர் மழை இது என்று கூறுவது பிழை. தமிழகச் சமவெளிக்கென நெடிய வளையத் தொடர் வேண்டும். அதற்கு உரிய முதுமரங்களோ நம்மிடம் அருகிவிட்டன. பனைக்கு வளையமில்லை. புளியும் வேம்பும் தெளிவற்ற வளையம் உடையன. பெருவழியின் இருமருங்கும் நின்ற புளியமரங்கள் நான்குவழிச் சாலைக்காக வீழ்த்தப்பட்டபோது, அடிமரங்களின் குறுக்குவெட்டில் ஒன்றேனும் எங்கேனும் பாதுகாக்கப்பட்டதாக நாம் கேள்வியுற்றதில்லை. செங்கற்சூளைக்கு விறகானதே பெரும்பாலானவற்றின் முடிவு.

தெளிவற்ற வளையமாயினும் பயனுண்டு என்று சொல்ல இன்று ஒரு வழி பிறந்துள்ளது. மழைநீரில் உள்ள ஆக்சிஜனில் எடைமிகுந்த ஒருவகை சிறிதளவு கலந்துள்ளது. பெருமழையில் அதன் விகிதம் குறையும், வறட்சியில் கூடும். மரம் பருகிய நீரின் இவ்விகிதம் கட்டையின் செல்லுலோசில் பதிந்துவிடுகிறது. கட்டையை மெல்லிய சீவல்களாக்கிச் சோதித்தால், கண்ணுக்குக் கோடு தெரியாவிடினும் ஆண்டின் ஏற்ற இறக்கம் தெரியும். புயலோடு வரும் மழையில் இவ்விகிதம் மிகவும் தாழும். அமெரிக்காவின் தென்கிழக்கே ஜார்ஜியா மாநிலத்துப் பைன் மரங்களிலிருந்து பழம்புயல்களின் தடயத்தை இவ்வாறு பிரித்தெடுத்து 2006-இல் வெளியிட்டனர்.

இது நமக்கு மிக வேண்டிய செய்தி. 2024 நவம்பர் 30-ஆம் நாள் கரைகடந்த ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒருநாள் பொழுதில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரிகள் உடைந்தன, வயல்கள் மூழ்கின, சங்கராபரணி கரைபுரண்டது. 'இப்படி ஒரு மழையை நாங்கள் கண்டதேயில்லை' என முதியோர் கூறினர். அவர்கள் பாட்டனார் கண்டிருப்பாரா? வளையத்தின் அகலம் இதற்கு விடை தராது. ஒரே நாளில் கொட்டிக் கடலுக்கு ஓடிய நீரை மரம் பருகவில்லை. மண்ணில் தங்கிய ஈரத்தையே அது உண்டது. ஆகையால் வெள்ள ஆண்டின் வளையம் சாதாரண ஆண்டினதாகவே தோன்றக்கூடும். செல்லுலோசின் சான்றோ புயலைத் தனியே காட்ட வல்லது. ஏரிக்கரையின் உயரத்தையும் பாலத்தின் அகலத்தையும் முடிவு செய்வோர்க்கு, நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளமா, இருபதாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளமா என்பது உயிர்ப்பிரச்சினை அன்றோ?

நம் வீடுகளில் கிடக்கும் ஏடு

டக்ளசுக்கு உதவியவை பழைய உத்தரங்கள் என்றோம். பழைய பள்ளிவாசல்களிலும், கடல்வணிகம் செய்த குடும்பங்களின் முற்றத்து வீடுகளிலும் பர்மாத் தேக்குத் தூண்களும் உத்தரங்களும் இருப்பதை நம் பெரியோர் அறிவர். மரத்தைப் பழுதறப் பேணியவர்கள் அவர்கள். இன்று பள்ளிவாசல் கான்கிரீட்டில் புதுப்பிக்கப்படும்போதும், வீடு பாகப்பிரிவினையில் இடிக்கப்படும்போதும் அவை பழைய மரக்கடைக்குச் சென்று, அறுபட்டு, கதவாகவும் கட்டிலாகவும் மாறுகின்றன. விற்பது குற்றமன்று. அறுபடுமுன் யாரும் நோக்காமல் விடுவதே இழப்பு.

அவ்வுத்தரங்கள் நம் ஊர் மழையைக் கூறா. மியன்மர்க் காட்டின் மழையைக் கூறும். மியன்மர்த் தேக்கில் மூன்று நூற்றாண்டுத் தொடர் 2011-இல் வெளியாகியுள்ளமையால், உத்தரத்தின் தொடரை அதனோடு ஒப்பிட்டு மரம் வளர்ந்த ஆண்டுகளை அறியும் வாய்ப்புண்டு. அதனால் கட்டடத்தின் காலத்திற்கும் ஒரு துணை கிடைக்கும். 'இப்பள்ளி இருநூறாண்டுப் பழமையுடையது' என்று வாய்மொழியாகக் கூறிவருவதற்கு மரமே சான்று பகரலாம்; மறுத்துரைக்கவும் கூடும், அதற்கும் நாம் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். தச்சர்கள் வெளிப்புறச் சாற்றுக்கட்டையைச் சீவிவிடுவதால் மரம் வெட்டப்பட்ட ஆண்டு துல்லியமாகக் கிடைக்காது. அதற்கு முற்பட்டிராது என்னும் எல்லை மட்டும் கிடைக்கும்.

இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. தொடக்கப் பணியை மாணவரே செய்யலாம். தூணோ உத்தரமோ எடுக்கப்படும்போது, அதன் முனையில் மூன்று விரற்கடை தடிமனுள்ள ஒரு வட்டை அறுத்துத் தரும்படி முத்தவல்லியையோ வீட்டாரையோ கேட்டு, அதில் ஊர், கட்டடம், எடுத்த நாள், எந்தப் பக்கத்துத் தூண் என்பவற்றை எழுதி ஒட்டுதல் வேண்டும். வக்ஃபுப் பதிவேட்டில் கட்டடம் எழுந்த ஆண்டோ புதுப்பித்த ஆண்டோ குறிக்கப்பட்டிருப்பின் அதனையும் உடன் எழுதுக. காற்றில் வீழ்ந்த மரமாயின் பட்டையோடு வெட்டுதல் இன்றியமையாதது. பட்டையை ஒட்டிய கடைசி வளையமே ஆண்டு தெரிந்த வளையம், அங்கிருந்துதான் எண்ணிக்கை உள்நோக்கித் தொடங்கும். ஈரமான வட்டை நிழலில் உலர்த்துக. வெயிலில் வைத்தால் மையத்திலிருந்து விளிம்பு வரை பிளந்துவிடும். திருவக்கரைக்குச் செல்வோர் மட்டும் அங்கே எதனையும் எடுத்து வருதல் ஆகாது; கைப்பிடிக் கல்லாயினும் அது பூங்காவின் உடைமை.